எட்டாவது யூனிட்

காலேஜ் சுற்றுச்சூழல் கருத்தரங்குக்குப் போயிருக்கிறீர்களா? குத்துவிளக்கு, பொன்னாடை, ஏ.சி. ஹால், ஆளுக்கொரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில். நடுவில் இயற்கை வளம் பற்றி ஸ்லைடுகள். கடைசியில் சர்ட்டிஃபிகேட்.

எம்.சி.மேத்தா வழக்கில் 1991-ல் சுப்ரீம் கோர்ட் சொன்ன பிறகுதான் கல்லூரிகளுக்கு இந்தப் பாடமே வந்தது. யு.ஜி.சி.க்காக எராக் பரூச்சா எழுதிய பாடப்புத்தகம் நன்றாகவே இருக்கிறது. எட்டு யூனிட். ஏழை உட்கார்ந்து படிக்கலாம். எட்டாவதுக்கு எழுந்து வெளியே போகணும்: உள்ளூர் ஆற்றை, பறவையை, பூச்சியைப் பார்த்து எழுதணும். நம் கருத்தரங்குகள் ஏழோடு நின்றுவிடுகின்றன.

சின்ன காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதற்கு பஸ் டிக்கெட்கூட வேண்டாம். 2019-ல் அத்திவரதரை 48 நாள் முண்டியடித்து தரிசித்தோம். நாற்பது வருஷம் அவரை வைத்திருக்கும் அனந்தசரஸ் தண்ணீரைப் பற்றி எத்தனை பேர் யோசித்தோம்? பட்டுக்குச் சாயம் ஏற்றிய தண்ணீர் எங்கே போகிறது? ஊர்ச் சாக்கடை ஏன் வேகவதியில் கலக்கிறது? ஒவ்வொன்றும் ஓர் ஆய்வுக்கட்டுரை.

புரொஃபசர்களே, அடுத்த கருத்தரங்கை வேகவதிக் கரையில் வையுங்கள். பொன்னாடைக்கும் வேலை உண்டு. மூக்கைப் பொத்திக்கொள்ளலாம்.