ஐப்பசியில் காயவைத்த பிலிம்

பாலிமர் கூட்டுப் பிலிம்கள் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளை விடாமல் படிக்கிறவன் நான். பெரும்பாலும் ஒரே கதைதான். பாலிவினைல் ஆல்கஹாலை (சுருக்கமா பிவிஏ) வெந்நீரில் கரைப்பார்கள், துத்தநாக ஆக்சைடு நானோ துகளைக் கலப்பார்கள், பெட்ரி டிஷ்ஷில் ஊற்றிக் காயவைத்து உரித்தெடுப்பார்கள். பிறகு யூவி-விசிபிள் நிறமாலை, எக்ஸ்ஆர்டி. முடிவுரையில், துகள் கூடக்கூட ஆற்றல் இடைவெளி குறைந்தது, ஆகவே ஒளிமின் கருவிகளுக்கு உகந்தது என்று வரும்.

அந்த 'ஆகவே'யோடதான் எனக்குச் சண்டை.

ஆற்றல் இடைவெளியைக் கணக்கிட எல்லாரும் போடுவது டாக் வரைபடம். 1966இல் டாக், கிரிகோரோவிச்சி, வான்கு மூவரும் படிக ஒழுங்கில்லாத ஜெர்மானியத்தை வைத்துச் செய்த வேலையிலிருந்து வந்தது. உட்கவர் எண்ணை ஃபோட்டான் ஆற்றலோடு பெருக்கி, ஓர் அடுக்குக்கு உயர்த்தி, வளைவின் செங்குத்தான பகுதியை ஒட்டி நேர்கோடு இழுக்கணும். அது கீழ் அச்சைத் தொடும் இடம்தான் விடை. ஸ்கேலைக் கொஞ்சம் சாய்ச்சா விடை மாறும். அடுக்கு 2 என்றால் ஓர் எண், 1/2 என்றால் வேறோர் எண். ஏன் இந்த அடுக்கு என்று பல கட்டுரைகள் வாயே திறப்பதில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் சிதறல். சாதாரண நிறமாலைமானிக்கு, பிலிமைத் தாண்டி நேராக எவ்வளவு ஒளி வந்தது என்பது மட்டும்தான் தெரியும். வராத ஒளி உள்ளேயே உறிஞ்சப்பட்டதா, பக்கவாட்டில் சிதறிப் போச்சா, அதுக்குத் தெரியாது. துகள்கள் திரண்டால் பிலிம் பால் மாதிரி மங்கும். வளைவு முழுக்க மேலே ஏறும், நாம் இழுக்கும் கோடு குறைந்த ஆற்றல் பக்கம் நகரும். மங்கல்தான் நடந்தது, எழுதுவதோ இடைவெளி குறைந்தது என்று.

போதாததுக்கு, துத்தநாக ஆக்சைடின் சொந்த இடைவெளியே சுமார் 3.3 எலக்ட்ரான் வோல்ட். பிவிஏவுக்குக் கட்டுரைகள் தருவது பெரும்பாலும் 5, அதற்கு மேல். கலவையில் 3.3 பக்கம் எழும் ஏற்றம் துகளுடையது. அதைப் பாலிமரின் கணக்கில் எழுதுவது, சாம்பாரில் முருங்கைக்காய் போட்டதும் பருப்பு நீண்டுவிட்டது என்பது போல. கலப்பு செய்த பொருள்களில் அடித்தளக் கோட்டையும் சேர்த்து வரையணும் என்று 2018இலேயே மகூவா குழு விளக்கிவிட்டது.

எக்ஸ்ஆர்டி கதைக்குக் காரைக்காலிலிருந்து பார்த்தால் இன்னொரு ஓட்டை தெரியும். பிவிஏவின் பீக் 19, 20 டிகிரி பக்கம் வரும். அது தாழ்ந்தால், துகள் சங்கிலிகளைக் குலைத்தது என்பார்கள். ஆனா பிவிஏ ஈரத்தை இழுக்கும் பொருள். நீர் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து இளக்கும். காயும் வேகம் மாறினால் படிகத்தன்மையும் மாறும். இந்தக் கடற்கரையில் ஐப்பசி மழையில் வத்தல் போட்டுப் பார்த்தவங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

முதுகலை புராஜெக்டுக்கு இந்தப் பிலிமை எடுக்கும் பிள்ளைகள் அந்தக் கட்டுரைகளைத்தான் பார்த்து எழுதுவாங்க. அவங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: ஈரப்பதம் எத்தனை சதவீதம், பிலிமின் தடிமன் என்ன, வெறும் பிவிஏ பிலிமையும் அதே நாளில் அதே தட்டில் வார்த்தீங்களா?