வால் நிறமும் முக நீளமும்

பிரிட்டன் தோட்டங்களில் திரியும் பம்பிள் தேனீக்களை இனம்பிரிக்க முதலில் பார்க்க வேண்டியது வால் நுனியை. பாம்பஸ் லாபிடேரியஸ் ராணியும் வேலைக்காரத் தேனீயும் கருகருவென்று இருக்கும்; வால் மட்டும் சிவப்பு. டெரஸ்ட்ரிஸ் ராணிக்கு அது வெளிறிய பழுப்பு, லூக்கோரம் ராணிக்கு வெள்ளை. இவ்விரண்டின் வேலைக்காரத் தேனீக்களில் இந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது; அங்கே அடித்துச் சொல்பவரைச் சற்றுச் சந்தேகிக்கலாம். ஹார்டோரம், ஜோனெல்லஸ் இரண்டுக்கும் மஞ்சள் பட்டை மூன்று, வால் வெள்ளை. நிறம் கைவிடும் இந்த இடத்தில் முகம் உதவும்: முன்னதற்குக் குதிரைபோல் நீண்ட முகம், பின்னதற்கு உருண்டை முகம்.

இவற்றுக்கு நடுவே ஒரு வேடதாரியும் உண்டு. வொலுசெல்லா பாம்பிலான்ஸ் என்னும் ஹோவர் ஈ ஒரே இனமாக இருந்தும் இரண்டு வேடம் போடுகிறது. ஒரு வடிவம் லாபிடேரியஸைப் போலச் சிவப்பு வாலுடன் வரும். இன்னொன்று மஞ்சள் ரோமமும் வெள்ளை வாலுமாக வரும். ரசிக்கத்தக்க ஒப்பனைதான். ஆனால் தேனீக்குச் சிறகு நான்கு, ஈக்கு இரண்டே. தேனீயின் முன்சிறகும் பின்சிறகும் கொக்கிகளால் கோத்திருப்பதால் எண்ணுவது எளிதல்ல. உணர்கொம்பைப் பார்ப்பதே மேல். தேனீயுடையது நீண்டு வளைந்தது. ஈயுடையது குட்டை, அதில் தூவிபோன்ற மயிரிழை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். இந்த ஹோவர் ஈயின் புழுக்கள் பம்பிள் தேனீக் கூடுகளிலேயே கழிவைத் தின்று வளர்கின்றன.