சொல்லுக்குப் பின்னால் நிற்கும் மனம்

1985-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் காரியட் என்ற அமெரிக்க இளைஞர் வெளியிட்ட ‘அல்டிமா’ என்ற கணினி விளையாட்டு வரிசையின் நான்காவது விளையாட்டில், மந்திரப் பிரயோகத்துக்கு வேண்டிய பூண்டு, ஜின்செங் வேர், சிலந்தி நூல், கருமுத்து முதலிய சரக்குகளை விற்பவர்களுக்குக் கண் தெரியாது. கேட்ட சரக்கை எடுத்து வைத்துவிட்டு, விலை இன்னது என்று சொல்லி, எவ்வளவு கொடுக்கிறாய் என்று கேட்பார்கள். ஆடுகிறவர் தம் கையாலேயே தொகையைத் தட்ட வேண்டும். சொன்ன விலைக்குக் குறைவாகத் தட்டினாலும் வியாபாரம் முடிந்துவிடும். காவலர் ஓடி வருவதில்லை. திரையில் எச்சரிக்கை எதுவும் தோன்றுவதில்லை. ஆனால் விளையாட்டின் உள்ளே, யார் கண்ணுக்கும் படாத ஓர் ஏட்டில், நேர்மை என்ற குணத்துக்கு எதிரே ஒரு கழித்தல் விழுந்துவிடுகிறது. நெடுநாள் கழித்து, அரண்மனையில் இருக்கும் ஹாக்விண்ட் என்ற ஞானியிடம் போய் நம் ஆத்மநிலையை விசாரிக்கும்போதுதான், அந்தச் சில்லறைத் திருட்டு மறக்கப்படவில்லை என்பது தெரியவரும். கொன்று குவிக்க வேண்டிய வில்லன் என்று ஒருவன் அந்த விளையாட்டில் இல்லவே இல்லை. நேர்மை, கருணை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆத்மிகம், பணிவு என்ற எட்டுக் குணங்களிலும் தேறிப் பூரண மனிதனாவதே அதன் லட்சியம்.

கதை சொல்லும் கலைகளில் வயதால் மிக இளையதான, பாத்திரமேற்று ஆடும் இந்த விளையாட்டுக் கலையின் ஜீவநாடி, அந்தக் குருட்டுக் கடையிலேயே துடித்துக்கொண்டிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். இதன் தாய்வீடு கணினி அன்று. 1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவரும் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேஜை விளையாட்டில், நாலைந்து பேர் ஒன்றுகூடி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, நடுவர் ஒருவர் கதையை வளர்த்துச் செல்ல, பகடையை உருட்டி ஆடுவார்கள். அங்கே ஒருவன், ‘உனக்குத் தீங்கு செய்யமாட்டேன்’ என்று பூதத்திடம் சொன்னால், அவன் மெய்யாகவே சொல்கிறானா, வஞ்சனையாகச் சொல்கிறானா என்பதை எதிரே உட்கார்ந்திருக்கும் நடுவர் அவன் முகத்தையும் குரலையும் கொண்டே அறிந்துகொள்வார். கணினிக்கு அந்த முகமும் இல்லை, குரலும் இல்லை. அதற்குத் தெரிவதெல்லாம் எந்த விசை அழுத்தப்பட்டது என்பது ஒன்றுதான். செயலை மட்டுமே காணக்கூடிய ஓர் இயந்திரம், செயலுக்குப் பின்னால் நிற்கும் மனத்தை எப்படிக் கதைக்குள் கொண்டுவருவது? ஐம்பது ஆண்டுகளாக இந்தக் கலையில் நடந்துவந்திருக்கும் நல்ல முயற்சிகளெல்லாம் இந்தக் கேள்விக்குச் சொல்லப்பட்ட வெவ்வேறு விடைகளாகவே எனக்குப் படுகின்றன.

ஆனால் உலகம் வேறொரு அளவுகோலையே பெரிதும் கையாளுகிறது. ஒரு விளையாட்டில் கதை எத்தனை கிளைகளாகப் பிரிகிறது, எத்தனை முடிவுகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்து அதன் மேன்மையை நிர்ணயிக்கிறார்கள். பெல்ஜியத்து லாரியன் நிறுவனம் 2023-இல் வெளியிட்ட ‘பால்டர்ஸ் கேட் 3’ முடிவுறும் விதங்கள் 17,000 என்று விளம்பரப்படுத்தப்பட்டது. அது மிக உயர்ந்த படைப்பு. அதன் நடிகர்களும் வசனகர்த்தாக்களும் செய்திருக்கும் உழைப்பை வணங்கத்தான் வேண்டும். எனினும் அதன் உயர்வு அந்த எண்ணிக்கையில் இருப்பதாக நான் கருதவில்லை. கிளைகள் பெருகுவதனால் தோட்டக்காரனின் சாமர்த்தியம் வெளிப்படலாம். கனியின் ருசி அதனால் கூடிவிடாது. இதற்கு நேர்மாறான குறை ஒன்றும் உண்டு. 2003-இல் வந்த ‘நைட்ஸ் ஆஃப் தி ஓல்டு ரிபப்ளிக்’ போன்றவை, நன்மை தீமைகளை ஒரு துலாக்கோலாக்கித் திரையிலேயே காட்டிவிடுகின்றன. அளவுகோல் கண்ணெதிரே நின்றால் மனிதன் அதற்காகவே நடக்கத் தொடங்கிவிடுகிறான். தானம் கொடுப்பவன் பிச்சைக்காரனைப் பார்ப்பதில்லை, முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்றே பார்க்கிறான். காரியட் தம் ஏட்டை மறைத்து வைத்ததன் சூட்சுமம் அதுவே.

மறைத்து வைப்பதிலும் காலத்தைக் கருவியாகக் கொண்ட விதம் ஒன்று உண்டு. ஒரு தீர்மானம் பிடிக்காமற்போனால், முன்பு சேவ் செய்து வைத்த இடத்துக்குத் திரும்பிப்போய் வேறொன்றைத் தேர்ந்துகொள்ளும் வசதி இந்த விளையாட்டுகளில் இருப்பதனால், வருந்தவேண்டிய அவசியமே ஆடுகிறவருக்கு ஏற்படாமற்போகும் அபாயம் எப்போதும் உண்டு. வார்சாவைச் சேர்ந்த சி.டி. புரொஜெக்ட் ரெட் 2015-இல் அளித்த ‘தி விட்சர் 3’ இதை வென்ற விதம் அழகானது. போரினால் சீரழிந்த வெலன் என்ற சதுப்பு நாட்டில், குன்றின் அடியில் ஒரு மரத்தின் வேருக்குள் சிறைப்பட்டிருக்கும் ஆவி, தன்னை விடுவித்தால் சூனியக்காரிகளின் பிடியில் இருக்கும் அநாதைக் குழந்தைகளைக் காப்பாற்றுவதாகச் சொல்கிறது. அதைக் கொன்றுவிடும்படி கேட்டிருக்கிறான் கிராமத் தலைவன். விடுவித்தால் குழந்தைகள் பிழைப்பார்கள். ஆனால் அந்தக் கிராமமே அழிந்துபோகும். அதோடு நிற்காமல், அந்த நாட்டை ஆளும் முரட்டுப் பிரபுவின் மனைவி ஆனா உயிரிழப்பாள், பிரபு தூக்கிட்டுக்கொள்வான். கொன்றாலோ ஆனா சித்தம் கலங்கியவளாகவேனும் உயிரோடு இருப்பாள், குழந்தைகள் திரும்பமாட்டார்கள். இதெல்லாம் உடனே தெரிவதில்லை. பல வேலைகளில் அலைந்துவிட்டு வரும்போதே பயன் நம்மைச் சந்திக்கிறது. அதற்குள் திரும்பிப் போகக்கூடிய தூரத்தை நாம் கடந்துவிட்டிருப்போம்.

அதே பிரபுவின் கதையில், புதைக்கப்பட்டும் சாந்தியடையாத ஒரு சிசு வருகிறது. குடித்துவிட்டு அவன் அடித்த அடியில் ஆனாவின் கர்ப்பம் கலைந்து, பெயரிடப்படாமல் புதைக்கப்பட்ட குழந்தை அது. இரவில் கோரமான உருவெடுத்து உலாவுகிறது. வாளால் வெட்டி முடித்துவிடலாம். அல்லது அந்தத் தகப்பனே அதைக் கையில் ஏந்தி, மழையில் கோட்டைவரை நடந்து வந்து, வாசற்படியின் கீழே குழிதோண்டி, ‘டேயா’ என்று பெயரிட்டு மன்னிப்புக் கேட்டு அடக்கம் செய்யலாம். அந்த நடையை நாம் நடந்தே தீர வேண்டும். பக்கத்தில் வாளோடு செல்லும் நமக்கு, அவனை வெறுப்பதா இரங்குவதா என்று தீர்மானிக்க அத்தனை தூரத்தையும் அவகாசமாக விட்டிருக்கிறார்கள்.

இத்தனையும் சொன்ன பிறகும், நான் தலைவணங்கும் படைப்பு இவையல்ல. 1999 டிசம்பரில், பிளாக் ஐல் என்ற அமெரிக்க நிறுவனம், கிறிஸ் அவலோன் என்பவரைப் பிரதான ஆசிரியராகக் கொண்டு வெளியிட்ட ‘பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்’ என்ற விளையாட்டே, மேலே நான் எழுப்பிய கேள்விக்கு நேர்முகமாக விடை சொல்லியது. பார்வைக்கு அது வெகு சாதாரணம். மேலிருந்து சாய்வாகப் பார்க்கும் கோணத்தில் விரலளவு உருவங்கள் நடமாடும், ஒரு மூலையில் எழுத்துகள் ஓடும். அந்த எழுத்துகளே அதன் சர்வஸ்வம். சுமார் 8 லட்சம் சொற்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு.

கதாநாயகனுக்குப் பெயர் இல்லை. சிகில் என்ற விசித்திர நகரத்துப் பிணக்கிடங்கில், கல்மேடை ஒன்றின்மேல் உடல் முழுவதும் தழும்புகளோடு கண் விழிக்கிறான். அவனுக்கு மரணம் இல்லை. ஆனால் முன்பெல்லாம் இறந்து எழும்போது நினைவை இழந்துவந்திருக்கிறான். இப்படி எண்ணற்ற ஜன்மங்களை ஒரே உடம்பில் வாழ்ந்து தீர்த்திருக்கிறான். அவற்றில் செய்த கொடுமைகளின் பயனை அனுபவிக்கிறவர்கள் வழியெங்கும் எதிர்ப்படுகிறார்கள். செய்தவனுக்குத்தான் எதுவும் நினைவில்லை. அவன் முதுகிலே, முந்தைய அவனே தனக்காகப் பச்சை குத்தி வைத்த எச்சரிக்கைகள் இருக்கின்றன. அவற்றைப் படித்துக் காட்டுகிற துணைவன், காற்றில் மிதக்கும் மார்ட்டே என்ற மண்டையோடு. கடைசி வரியை மட்டும் படிக்காமல் விட்டுவிடுகிறான். மண்டையோட்டை நம்பாதே என்பதே அந்த வரி என்று பின்னால் டாக்கான் என்ற வாள்வீரன் மூலம் தெரியவருகிறது. அதைக் கேட்டதும் மார்ட்டேயை விரட்டிவிடவேண்டும் என்று தோன்றலாம்; அத்தனை நேரமும் நம்மைச் சிரிக்கவைத்துக்கொண்டு கூடவே வந்தவனை விரட்ட மனம் வருவதும் இல்லை.

இந்த விளையாட்டில் நாயகன் பேசும் வசனங்கள் திரையில் வரிசையாகத் தோன்றும். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் புதுமை ஒன்றுமில்லை. ஆனால் சில இடங்களில் ஒரே வாக்கியம், ஓர் எழுத்துக்கூட மாறாமல், இரண்டு முறை எழுதப்பட்டிருக்கும். ஒன்றின் முன்னால் ‘மெய்’ என்றும் மற்றொன்றின் முன்னால் ‘பொய்’ என்றும் இருக்கும். வேறு சில இடங்களில் ‘சபதம்’ என்றிருக்கும். கேட்கிறவனுக்கு அந்த வாக்கியம் ஒன்றுதான். அவன் சொல்லும் பதிலும் பெரும்பாலும் மாறுவதில்லை. கதையும் அதே வழியிலேயே போகும். மாறுவது சொன்னவனின் சுபாவம் மட்டுமே. தொடக்கத்தில் எந்தப் பக்கமும் சாராதவனாக எழுந்தவன், இப்படிச் சொல்லிய மெய்களாலும் பொய்களாலும், காத்த சபதங்களாலும் கைவிட்ட சபதங்களாலும் அணு அணுவாக உருப்பெறுகிறான். முகத்தைப் பார்க்க முடியாத இயந்திரம், ‘இதை நீ மனமாரச் சொல்கிறாயா?’ என்று நம்மையே கேட்டுவிடுகிறது. தேவைக்காக ஒரு பொய்யைத் தேர்ந்து விசையை அழுத்தும் அந்தக் கணத்தில், யாரையும் ஏமாற்றாமலே ஏமாற்றுக்காரனாகும் அனுபவம் ஒன்று உண்டாகிறது. நாவலோ நாடகமோ அதை எனக்குத் தந்ததில்லை. அவற்றில் பொய் சொல்கிறவன் எப்போதும் இன்னொருவன்.

நம்பிக்கையே உலகத்தை உருவாக்கும் என்பது அந்தக் கதையுலகின் விதி. பெயர் கேட்பவர்களிடமெல்லாம் ‘ஆடான்’ என்ற பொய்ப்பெயரைப் போதிய முறை சொல்லிவந்தால், ஆடான் என்ற மனிதன் ஒருவன் உண்மையிலேயே உண்டாகி நம் முன்னால் வந்து நிற்பான். விளையாட்டான சம்பவம்தான், எனினும் சொல்லுக்கு இருக்கும் கனத்தை ஆசிரியர் எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டார் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அனைத்திலும் உச்சமாக நான் கருதுவது டியோனாரா என்ற பெண்ணின் நினைவுக்கல். புலனனுபவத்தையே தத்துவமாகக் கொண்ட ஒரு கூட்டத்தாரின் மண்டபத்தில், மனிதர்கள் தங்கள் அனுபவங்களைக் கற்களில் பதிந்து வைத்திருக்கிறார்கள். கல்லைத் தொட்டால் அந்த அனுபவம் நமக்கு நிகழும். டியோனாரா நாயகனை நேசித்து, அவனுடன் சென்று உயிர்விட்டவள். கதையின் ஆரம்பத்திலேயே ஆவியாக வந்து அவனிடம் காதல் பேசியவள். அவள் கல்லைத் தொட்டதும் நாம் அவளாகிவிடுகிறோம்: அவள் ஏக்கம், அவன் வந்து நிற்கும்போது உடலெங்கும் பரவும் பரவசம், அவன் சொல்லும் அன்புச் சொற்களில் அவளுக்கு ஏற்படும் நிம்மதி எல்லாம் நம்முடையவை. ஆனால் எதிரே நின்று பேசுகிறவன் நம்முடைய முந்தைய ஜன்மம். அவன் மனத்தின் கணக்கு அவளுக்குத் தெரியாவிட்டாலும் நமக்குத் தெரிகிறது. அவள் செத்துத் தனக்கு உளவு சொல்லும் ஆவியாகப் பயன்பட வேண்டும் என்பதற்காகவே அவன் அந்தக் காதலை வளர்த்தான். ஏமாறுகிறவளின் நெஞ்சும் ஏமாற்றுகிறவனின் நெஞ்சும் ஒரே சமயத்தில் ஒருவனுக்குள் அமைந்துவிட, அவளுக்கு எச்சரிக்கை சொல்ல வாய் இல்லாமல் நாம் அந்த உடலுக்குள்ளேயே நிற்கிறோம். அங்கே தேர்ந்தெடுக்க எதுவுமில்லை. இதுவரை ‘பொய்’ என்று நாமே தேர்ந்துகொண்ட சொற்கள் கேட்டவர்களின் உள்ளே எப்படி விழுந்திருக்கும் என்பதை உணர்த்துவதற்காகவே தேர்வு பறிக்கப்பட்டிருக்கிறது.

மேற்சொன்ன டாக்கானும் டியோனாராவைப் போலவே நாயகனின் முன்ஜன்மத்தோடு கட்டுண்டவன். ஒரு முன்ஜன்மத்தில், சாகும் தறுவாயில் இருந்த அவனுக்கு அவன் மதத்தின் போதனைகள் அடங்கிய கல்வளையம் ஒன்றைக் கொடுத்து உயிர்காத்தவன் நாயகன். நன்றியால் அவன், உன் மரணம்வரை உனக்கு ஊழியம் செய்வேன் என்று சத்தியம் செய்துவிட்டான். சாகாதவனுக்கு அப்படிச் சத்தியம் செய்தவனுக்கு விடுதலை ஏது? அந்த வளையத்தின் அடுக்குகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, போதனைகளைப் படித்து, குருவாக இருந்தவனுக்கே அவன் அறியாத பாடத்தைச் சொல்லிக் கொடுக்கும் நீண்ட சம்பாஷணைகளில் ஒரு வாள்வீச்சுக்கூட இல்லை. அவன் மனத்தில் அரித்துக்கொண்டிருக்கும் சந்தேகத்தை நாம் எப்படித் தொடுகிறோம் என்பதே அங்கே போர்.

குறை சொல்லவும் இடமுண்டு. சண்டைக் காட்சிகள் கரடுமுரடானவை. கர்ஸ்ட் என்ற ஊருக்குப் பிறகு வரும் பகுதிகளில் எழுத்து மெலிந்து, அவசரம் தெரிகிறது. ஆயினும் ராவெல் என்ற சூனியக்கிழவியின் கேள்வியை எட்டியவர்கள் அவற்றைப் பொருட்படுத்தமாட்டார்கள். மனிதனின் சுபாவத்தை மாற்றக்கூடியது எது என்று அவள் கேட்கிறாள். தவறான விடை சொன்னவர்களைக் கொன்றவள். ஆகையால் ஆடுகிறவர் சரியான விடையைத் தேடித் தவிக்கிறார். அன்பு என்கிறார், மரணம் என்கிறார், காலம் என்கிறார், கழிவிரக்கம் என்கிறார். எதைச் சொன்னாலும் அவள் ஏற்றுக்கொள்கிறாள். அவளுக்கு வேண்டியது அவனுடைய விடை, அவ்வளவுதான். கிளைக்கணக்குப் பார்ப்பவருக்கு இது ஏமாற்றமாக இருக்கும், எந்த விடைக்கும் கதை ஒரே வழியில் போகிறதே என்று. அதுவரை மெய்யும் பொய்யும் தேர்ந்து வந்தவருக்கோ, தம் விடையைத் தாமே நம்புகிறோமா என்ற விசாரம் அங்கேதான் தொடங்கும்.

பிளாக் ஐல் 2003-இல் மூடப்பட்டது. ஆனால் அது காட்டிய வழியில், எஸ்தோனிய எழுத்தாளர் ராபர்ட் குர்விட்ஸ் முதலியோர் 2019-இல் ‘டிஸ்கோ எலிசியம்’ என்ற சிறந்த படைப்பைத் தந்தார்கள். அதிலும் நினைவிழந்த ஒருவனே கண்விழிக்கிறான், அதிலும் சொல்லே ஆயுதம். ‘டார்மென்ட்’ 2017-இல் புதுப்பிக்கப்பட்டு இன்றைய கணினிகளிலும் ஓடுகிறது. புதிதாக ஆடத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆரம்பத்தில் நாயகனின் குணங்களுக்குப் புள்ளிகளைப் பங்கிடும்போது, பலத்திலும் வேகத்திலும் அவற்றை வாரி இறைக்காமல் விவேகத்திலும் அறிவிலும் வையுங்கள். அடி விழும், இறப்பீர்கள். அதனால் பெரிய நஷ்டம் இல்லை, கல்மேடையில் மறுபடியும் எழுந்துகொள்ளலாம். விவேகம் குறைந்தவனுக்கோ டாக்கானின் வளையம் கடைசிவரை திறக்காது.