கியர் ஆயில் மாற்றும் கலை

தருமபுரியிலிருந்து சேலம் போகும் வழியில், தொப்பூர் கணவாய் இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விடக்கூடாது என்பது பழைய எச்சரிக்கை. கியரில் இறங்கினால் இன்ஜினே வேகத்தைப் பிடிக்கும். அந்தச் சுமை பல்சக்கரங்கள் வழியாகவே போகிறது. பற்களுக்கு நடுவே இருப்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. "கியர் ஆயிலை ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்" என்பவர்கள் உண்டு. டிரெயின் போல்ட்டில் காந்தம் உள்ள வண்டியில் அதைக் கழற்றிப் பார்த்தால் போதும்: இரும்புத்தூள் கரும்பசையாக அப்பியிருக்கும்.

இந்த ஆயிலை லிஃப்ட் இல்லாமல் நாமே மாற்றுவது ஆபத்தில்லையா? ஜாக்கியை மட்டும் நம்பினால் ஆபத்துதான். கெட்டியான தரையில் நான்கு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்து வண்டியைச் சமமாக நிறுத்தினால் ஆளுக்கும் பாதுகாப்பு, அளவும் பிசகாது. பல வண்டிகளில் கியர்பாக்ஸின் ஊற்றும் துளையின் விளிம்பில் எண்ணெய் வழிவதே சரியான மட்டம். வேலையின் அழகு அதன் வரிசையில் இருக்கிறது. முதலில் ஊற்றும் போல்ட்டைத் தளர்த்த வேண்டும். அது அசையாவிட்டால் கீழே உள்ள டிரெயின் போல்ட்டைத் தொடவே கூடாது. வடித்துவிட்டால் திரும்ப ஊற்ற வழியிருக்காது. ஜிஎல்-4 தர ஆயில் கேட்கும் கியர்பாக்ஸில் ஜிஎல்-5 தரம் வேண்டாம். அதில் கூடுதலாக உள்ள கந்தகச் சேர்மங்கள் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் பித்தளை சின்க்ரோனைசர் வளையங்களை அரிக்கக்கூடும். மெக்கானிக்கும் இதைத்தான் செய்வார். ஆனால் கியர்பாக்ஸ் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அந்தக் காந்தத்தில் கண்ணால் பார்ப்பது, தானே செய்பவருக்குக் கிடைக்கும் தனி லாபம்.