பரபக்கமும் சமூக ஊடக மறுமொழியும்

சமூக ஊடகங்களில் நிகழும் கருத்து மோதல்களின் வன்மை குறித்து இன்று பலரும் கவலை தெரிவிப்பர். சொல்லின் கடுமையே அவற்றின் தலையாய குறைபாடு என்பது பொதுவான கணிப்பு. தமிழின் கண்டன மரபினை நோக்குவோர்க்கு இக்கணிப்புப் போதியதாகத் தோன்றாது.

13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரின் பரபக்கம், உலகாயதம் முதலாய பிற கொள்கைகளை மறுக்கின்றது. அம்மறுப்பு மென்மையானதன்று. எனினும், ஒவ்வொரு கொள்கையும் முதலிற் கூறப்பட்டு, அதன் பின்னரே மறுக்கப்படுகின்றது. 1854இல் ஆறுமுக நாவலர் வெளியிட்ட சைவதூஷண பரிகாரமும் ஈண்டுக் கருதத்தக்கது. விவிலிய மொழிபெயர்ப்பிற் பேர்சிவல் பாதிரியாருக்குத் துணைநின்ற நாவலர், பாதிரிமாரின் வேதநூலிலிருந்தே சான்று காட்டி அவர்தம் கண்டனங்களுக்கு விடையிறுத்தார். மறுக்கப்படும் தரப்பினைக் கற்றிருத்தலே அம்மறுப்பின் வலிமையாயிற்று.

இன்றைய மறுமொழியின் வடிவம் பெரிதும் வேறானது. 2023இல் எக்ஸ் எனப் பெயர் மாறிய ருவிற்றர், பிறர் பதிவினைத் தன் குறிப்புடன் எடுத்துக்காட்டும் முறையினை 2015இற் புகுத்தியது. இதில் மறுப்பு மேலேயும் மறுக்கப்படும் கூற்று கீழேயும் அமையும். கூற்றினைப் படிக்குமுன்னரே வாசகர் தீர்ப்பினைப் படித்துவிடுகின்றனர். அன்றியும், மூலப்பதிவின்கீழ் இடப்படும் பதில் அதனை எழுதியவரை நோக்கியது. எடுத்துக்காட்டும் பதிவோ தன்னைப் பின்தொடர்வோரை நோக்கியது. எதிர்த்தரப்பினர் உரையாடலின் பங்காளர் என்னும் நிலையிழந்து காட்சிப் பொருளாகின்றனர்.

பழைய மரபினைக் குறையற்றதெனக் கொள்ளவும் இயலாது. பரபக்கத்தில் உலகாயதன் தானே பேசவில்லை. அவனுக்குரிய சொற்களையும் சைவ ஆசிரியரே அமைத்தார். தன் கருத்து அதுவன்று எனக் கூற அவனுக்கு வாய்ப்பில்லை. சமூக ஊடகம் அவ்வாய்ப்பினைச் சில நொடிகளில் அளிக்கவல்லது. அவ்வகையில் அது பரபக்கத்தினும் மேம்பட்ட விவாதக் களமாகத் தக்கது.

அவ்வாறு ஆகாமைக்குக் கருவியை மட்டும் காரணமாக்குதல் பொருந்தாது. எதிர்த்தரப்பின் கருத்தினை அத்தரப்பினரே ஏற்கும் வகையில் எடுத்துரைத்துப் பின்னர் மறுக்கும் பயிற்சியினைப் பல்கலைக்கழக விமர்சனக் கல்வி வழங்குதல் வேண்டும். அப்பயிற்சி இல்லாதவிடத்து மென்சொல்லாலாகிய மறுமொழியும் உரையாடலாகாது. அஃது உள்ளவிடத்துக் கடுஞ்சொல்லும் அறிவுவளர்ச்சிக்குத் துணையாகலாம்.