அதிசயம்னு சொன்னா போதுமா?

2022இல் ஜப்பானின் பேரரசர் கோப்பையை வென்ட்ஃபோரெட் கோஃபு ஜெயித்ததை எல்லாரும் 'அதிசயம்' என்றே எழுதுகிறார்கள். எனக்கு அந்த வார்த்தையில்தான் சிக்கல்.

கோஃபு அந்த வருஷம் இரண்டாம் டிவிஷனில் 22 அணிகளில் 18ஆவது. கோப்பையிலோ சப்போரோ, தோசு, ஃபுகுவோகா, காஷிமா, கடைசியில் ஹிரோஷிமா என்று ஐந்து முதல் டிவிஷன் அணிகளை வரிசையாகத் தாண்டியது. ஒவ்வொரு மேட்ச்சுக்கும் 30% வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், ஐந்தையும் தாண்ட ஏறக்குறைய 400இல் ஒரு வாய்ப்புதான்.

இறுதிப் போட்டியின் கூடுதல் நேரத்தில் 42 வயது யமமோட்டோவின் கையில் பந்து பட்டு எதிரணிக்கு பெனால்ட்டி. கோல்கீப்பர் கவாட்டா அதைத் தடுத்தார். 1-1. ஷூட்அவுட்டில் வெற்றி உதை அதே யமமோட்டோவுடையது: 5-4.

அதிர்ஷ்டம் இருக்கு, மறுக்கலை. ஆனா அது மட்டும்தான்னா, 2023-24 ஆசிய சாம்பியன்ஸ் லீக்கில் ஆறு மேட்ச் ஆடி குரூப்பில் முதலிடம் எப்படி வந்தது? பயிற்சியாளரும் சில ஆட்டக்காரர்களும் மாறியிருந்தார்கள், சரி. இருந்தாலும் அப்பவும் அது இரண்டாம் டிவிஷன் அணிதான்.

லீக் அட்டவணை காட்டுவது ஒரு சீசனின் சராசரியை. ஓர் அணியால் அதிகபட்சம் என்ன முடியும் என்பது அதில் தெரியாது. கோப்பை அதைக் காட்டும். அதிசயம்னு சொல்றது பாராட்டு மாதிரி இருக்கும். ஆனா ஆடினவங்க உழைப்பைக் கணக்கிலிருந்து கழிச்சுடுது.