திறப்பு யார் கையில்?

இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வந்துவிட்டால், மருதமுனை முதல் நிந்தவூர் வரை வீடுகளுக்கு வண்ண அழைப்பிதழ்கள் வந்து சேரும். கதையும் கவிதையுமே விமர்சனத்துக்குரியன எனக் கருதும் நண்பர்கள் இவ்வழைப்பிதழ்களையும் ஒருமுறை ஊன்றிப் படிக்கவேண்டும். ஒரு சமுதாயம் தன்னைப்பற்றி அறியாமலே எழுதிவைக்கும் வாக்குமூலங்கள் அவை.

பெண்கள் பாடசாலையின் அழைப்பிதழைக் கையில் எடுத்துக்கொள்வோம். பிரதம அதிதி, கௌரவ அதிதி, விசேட அதிதி எனப் பருத்த எழுத்தில் நிற்போர் பெரும்பாலும் ஆண்கள். பெண் ஆசிரியைகளின் பெயர்கள், அச்சிடப்பட்டிருந்தால், கடைசி வரிகளில் சிறுத்துக் கிடக்கும். அணிநடை பயின்ற சிறுமிகளோ ‘மாணவிகள்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவர். ஓடுவோர் பெண்கள், ஓட்டத்தைத் திறந்துவைப்போரும், முடித்துவைப்போரும், அதற்குப் பணம் ஒதுக்குவோரும் வேறு யாரோ!

ஓடுதல் வேறு, ஓட்டத்தை ஆளுதல் வேறு. மைதானத்தின் திறப்பு யார் கையில்? மாலை நேரம் யாருக்கு ஒதுக்கப்படுகிறது? அணியைத் தெரிவுசெய்பவர் யார்? விசிலும் கணக்குப் புத்தகமும் யாரிடம் இருக்கின்றன? தலைமை என்பது இவைதாம். சட்டையில் குத்திவிடும் ‘தலைவி’ என்ற சின்னமன்று.

இவ்வினாக்களை எழுப்பினால் இருதிசையிலிருந்தும் ஆயத்தமான விடைகள் வருகின்றன. வெளியூரார், ‘முஸ்லிம் ஊர் அல்லவா? ஹிஜாப்தான் தடை’ என்கின்றனர். உள்ளூர்ப் பெரியவர்களோ, ‘நமது வழக்கம் அப்படி’ என்கின்றனர். இருசாராரும் பெண்ணின் உடையை உற்று நோக்குகின்றனரேயன்றி, அதிகாரத்தை நோக்குவதில்லை.

உடைதான் தடையா? 2011இல் ஈரானியப் பெண்கள் உதைபந்தாட்ட அணி, ஒலிம்பிக் தகுதிப் போட்டிக்காக ஜோர்தானின் அம்மான் நகரில் களமிறங்கி நின்றது. தலையை மூடியிருந்தார்கள் என்பதற்காக ஆட்டம் மறுக்கப்பட்டது. அப்பெண்கள் ஆட விரும்பினர்; மறுத்தது சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் விதி. 2014இல் அதே சம்மேளனம் அனுமதி வழங்கியது. துணி மாறவில்லை; விதிதான் மாறியது. தெஹ்ரானில் ‘மூடு’ என்றும், சூரிச்சில் ‘மூடாதே’ என்றும் கட்டளையிட்ட இருதரப்பாரும், பந்தை உதைப்பவளின் கருத்தைக் கேட்கவேண்டுமென எண்ணவில்லை.

‘முன்னேறிய’ நாடு என நாம் கேட்டுப் பழகிய அமெரிக்காவைப் பார்ப்போம். 1972இல் அங்கே கல்வியில் பால்வேற்றுமையைத் தடைசெய்யும் ‘ஒன்பதாம் தலைப்பு’ச் சட்டம் வந்தது. அவ்வேளையில் கல்லூரி விளையாட்டில் ஈடுபட்ட பெண்கள் ஏறக்குறைய 30,000 பேர்; இன்று 2,00,000க்கும் மேல். இது மாபெரும் வெற்றி. இதை மறுப்பார் யாருமிலர். ஆனால் நாணயத்தின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். 1972இல் பெண்கள் அணிகளின் பயிற்றுநரில் 100க்கு 90க்கும் மேற்பட்டோர் பெண்கள். 2014இல் அது 43 ஆகச் சுருங்கியது. பெண்களே நடத்திவந்த கல்லூரி விளையாட்டுச் சங்கம், 1982இல் ஆண்களின் பெருஞ்சங்கம் பெண்களுக்கும் போட்டி நடத்தத் தொடங்கியதும் நிலைகுலைந்தது.

ஏன்? பெண்கள் அணிகளுக்குப் பணமில்லாத காலத்தில், அற்பச் சம்பளத்துக்கும் சம்பளமின்றியும் பயிற்சியளித்தவர்கள் ஆசிரியைகள். சட்டத்தால் பணம் வந்தது. பதவிக்குச் சம்பளமும் மதிப்பும் வந்தன. ஆண் துறையும் பெண் துறையும் ஒன்றாக்கப்பட்டபோது, தலைமை நாற்காலி ஆணுக்குப் போயிற்று. ஹிஜாபும் இல்லை, நமது வழக்கமும் இல்லை. ஆயினும் விளைவு ஒன்றே.

இதை அமெரிக்கக் கதையென்று நாம் ஒதுக்கிவிட முடியாது. நம் கரையோரத்திலேயே இதற்கு நேரான ஒன்று நிகழ்ந்தது. அம்பாறைக் கரையோரத்தில், தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும், வீடு தாய்வழியாக மகளுக்குச் செல்வது நெடுநாள் வழக்கம். மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவான். அந்தச் சீதன வீட்டுக்காகத் தகப்பனும் சகோதரரும் சிந்தும் வியர்வையை நாம் கண்டிக்கிறோம், கண்டிக்கவே வேண்டும். எனினும் உறுதியில் இருந்தது பெண்ணின் பெயர்.

2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியது. அம்பாறை மாவட்டம் மட்டுமே 10,000க்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது. பின்னர் நிவாரணப் பணம் வந்தது, புதுவீடுகள் எழுந்தன. படிவத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்றொரு கட்டம் இருந்தது. பல இடங்களில் அக்கட்டத்தில் கணவனின் பெயரே எழுதப்பட்டது. தாயிடமிருந்து மகளுக்கு வந்த வீடு, கொடைப் பணத்தால் மீண்டபோது பெயர் மாறி நின்றது. பெண்கள் அமைப்புகள் குரல் எழுப்பவேண்டி வந்தது.

அமெரிக்கக் கல்லூரி மைதானமும் கல்முனைக் கடற்கரையும் ஒரே பாடத்தைப் புகட்டுகின்றன. வறுமையில் பெண் பொறுப்பேற்கிறாள். வளம் வரும்போது பொறுப்பு ‘தலைமை’ எனப் பெயர்மாறி ஆணிடம் செல்கிறது. ஆகவே, ‘மாணவியர் தொகை பெருகட்டும், தலைமை தானே வரும்’ என்போரின் நம்பிக்கை ஆதாரமற்றது. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் சேர்வோரில் பாதிக்கு மேற்பட்டோர் இன்று பெண்கள். மைதானத்தை ஆள்வோரிலும் பாதிப்பேர் பெண்கள் என எவரேனும் கூறத் துணிவரா?

ஆசிரிய நண்பர்கள் இதை நாளையே தொடங்கலாம். விளையாட்டுக் குழுவின் பொருளாளராக ஒரு மாணவியை அமர்த்துங்கள். நேரங்கணிப்பவளாக, நடுவராக, தொடக்குநராக அவளைப் பயிற்றுங்கள். மைதானத்தின் மாலை நேரத்தில் சரிபாதியை எழுத்தில் ஒதுக்குங்கள். புதிதாகப் பணம் வரும் நாளில், கையொப்பமிடும் உரிமை யாருக்கு என்பதை முதலில் கேளுங்கள்.

இறுதியாக நம்மையும் நாம் விமர்சித்துக்கொள்ளவேண்டும். சமத்துவம் பேசும் நமது இலக்கியக் கூட்டங்களின் அழைப்பிதழ்களில் பெண்கள் எங்கே நிற்கின்றனர்? வரவேற்புரையிலும் நன்றியுரையிலும்! தலைமையுரை எவருடையது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? அந்த அழைப்பிதழைத் திருத்தி எழுதாதவரை, மைதானத்தைப் பற்றிப் பேச நமக்குப் பாதி உரிமையே உண்டு.